‘வெட்டு’ என்று நான் எழுதிய பொத்தான்

பிழை என்னுடையது என்று இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. உம்மாவிடம் சொன்னேன். மனைவியிடம் சொன்னேன். என் தங்கச்சி அல்பம் செய்துகொடுத்த மணமகளின் வாப்பா பள்ளியில் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது மறித்துச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. சொல்லச் சொல்ல ஊரில் எனக்கு நல்ல பெயர்தான் கூடிக்கொண்டு போகிறது. தங்கச்சி செய்த பிழையைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளும் கூடப் பிறந்த காக்கா என்று என்னைக் காட்டிப் பேசுகிறார்கள். நல்ல பெயர் எடுப்பது இவ்வளவு லேசான காரியம் என்று முன்பே தெரிந்திருந்தால் இத்தனை வருடம் நல்லவனாக இருக்கக் கஷ்டப்பட்டிருக்க மாட்டேன்.

நான் கொழும்புக் கம்பனி ஒன்றுக்குக் கல்முனையில் வீட்டிலிருந்தே வேலை செய்பவன். ஒரு மென்பொருளில் மனிதர் கண்ணுக்குத் தெரிகிற பகுதி என் பொறுப்பு. எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அதில் என்ன எழுத வேண்டும், எதைக் காட்டலாம், எதை உள்ளே போட்டு மூடிவிடலாம் என்று முடிவெடுக்கும் வேலை. மூடிவிடுவதில் நான் கெட்டிக்காரன். பாவிக்கிறவருக்குத் தேவையில்லாத ஒரு சொல்லும் திரையில் இருக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். தேவை எது, தேவையில்லாதது எது என்று யார் தீர்மானிப்பது என்பது அந்தப் பாடத்தில் இல்லை. நான் அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை, நானே தீர்மானித்துக்கொண்டேன்.

என் தங்கச்சி கலியாணப் படங்களைத் திருத்தி அல்பம் செய்து கொடுப்பவள். எங்கள் பக்கத்தில் மணமகளை உடுத்தும் அறைக்குள் ஆண் போட்டோக்காரர் போவதில்லை. கமராவோடு பெண்கள்தான் போவார்கள். அவர்கள் எடுத்துவரும் படங்கள் தங்கச்சியிடம் வரும். அவளுடைய வீட்டின் பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக உட்கார்ந்து வேலை செய்வாள். அவளுடைய புருசனே கதவைத் தட்டிவிட்டு, அவள் திரையை அணைக்கும் வரைக்கும் நின்று, பிறகுதான் உள்ளே போவார். ஒரு கலியாண வீட்டில் வேலை ஒப்புக்கொள்ளும்போது அவள் சொல்லும் வாக்கு ஒன்றுதான். “என்ட கையைத் தாண்டி ஒரு ஆம்புளட கண்ணுக்குப் போகாது.” அந்த வாக்கை நம்பித்தான் மருதமுனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

ஒரு கலியாணத்துக்கு அவள் இரண்டு அல்பம் செய்வாள். ஒன்றை ‘உள் அல்பம்’ என்பாள். அதில் எல்லாப் படமும் இருக்கும். பெண்கள் மட்டும் பார்க்கிற அந்த அல்பத்தை அவளே தன் அறையிலிருக்கும் சின்ன மெஷினில் அச்சடித்து ஒட்டிக் கொடுத்துவிடுவாள். மற்றது ‘வெளி அல்பம்’. மாப்பிள்ளை வீட்டாரும் ஆண்களும் பிரித்துப் பார்ப்பது. அது பெரிய பக்கம், தடித்த மட்டை. வீட்டில் அச்சடிக்க முடியாது. பாண்டிருப்பில் இருக்கும் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே வேலை செய்பவர்கள் எல்லாரும் ஆண்கள். ஆகவே வெளி அல்பத்துக்குப் போகும் ஒவ்வொரு படத்திலும் யார் யார் எந்தக் கோலத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து வெட்டுவாள். மருதோன்றி இட்ட கை மட்டும் இருக்கும், கையின் சொந்தக்காரி இருக்கமாட்டாள். மோதிரம் இருக்கும், பக்கத்தில் முக்காடில்லாமல் சிரித்துக்கொண்டிருந்த சாச்சி இருக்கமாட்டா. அவளுடைய வேலையில் பாதி இந்த வெட்டுதான்.

முன்பு அவள் பெரிய கம்பனி மென்பொருள் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். முழுக்க இங்கிலீசு. மெனுவைத் திறந்தால் நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய மௌத்து வீட்டுச் சாப்பாட்டு வரிசை போல நீண்டுகொண்டு போகும். அவள் சொற்களை வாசிப்பதையே விட்டுவிட்டாள். “மேல ரெண்டாவது, அதுக்குள்ள கீழ கடைசிக்கு முந்தினது” என்று இடத்தை வைத்து ஞாபகம் வைத்திருந்தாள். கம்பனிக்காரன் ஒரு நாள் மெனுவை மாற்றிவிட்டான். எனக்கு டெலிபோன் எடுத்து அழுதாள். “காக்கா, என்ட கடைசிக்கு முந்தினத காணல்ல!” நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகு வெட்கமாக இருந்தது. ஊரில் உள்ளவனுக்கெல்லாம் பொத்தான் எழுதுகிறேன், கூடப் பிறந்தவள் இப்படித் தடவிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கென்றே ஒரு மென்பொருள் செய்வது என்று அன்று முடிவெடுத்தேன்.

அதைச் செய்த நாட்களைப் போல நான் சந்தோசமாக வேலை செய்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து அவளுடைய வீட்டுக்குப் போவேன். “இப்ப நீ என்ன செய்யப் போறா? அதுக்கு நீ என்ன செல்லுவா?” என்று கேட்பேன். அவள் வாயில் வருவதை அப்படியே பொத்தானில் எழுதினேன். முகத்தில் இருட்டு விழுந்திருந்தால் ‘முகத்தைத் துலக்கு’. பின்னால் இருக்கும் சுவர் கண்ணை உறுத்தினால் ‘பின்பக்கம் மங்கட்டும்’. செய்தது பிடிக்காவிட்டால் ‘வேணாம், பழையபடி’. பக்கங்களைக் கட்டி அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு ‘கடைக்கு அனுப்பு’. அந்தச் சொற்களுக்குப் பின்னால் எத்தனை கணக்கு, எத்தனை நிற அளவு, எத்தனை கோப்பு வகை ஓடிக்கொண்டிருந்தன என்பது அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஓர் உள்பக்கத்தில் போட்டு, அந்தப் பக்கத்தைத் திறக்கும் வழியை எனக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டும். மென்பொருளைப் பரீட்சித்துப் பார்க்க எனக்குப் படங்கள் வேண்டும். அவளிடம் ஆயிரம் படங்கள் இருந்தன, ஆனால் அவை நான் பார்க்கக்கூடியவை அல்ல. நான் கேட்கவும் இல்லை, அவள் தரவும் இல்லை. பெருநாளைக்கு வாங்கிக் கட்டியிருந்த ஆட்டைப் படம் எடுத்து அதை வைத்தே எல்லாவற்றையும் பரீட்சித்தேன். ஆட்டின் முகத்தைத் துலக்கினேன், ஆட்டுக்குப் பின்னால் மதிலை மங்கவைத்தேன், ஆட்டை வெட்டி காதை மட்டும் பக்கத்தில் வைத்தேன். ஒரு பெண்ணின் படத்தையும் கண்ணால் பார்க்காமல் பெண்களின் படத்துக்கான மென்பொருளைச் செய்து முடித்தேன் என்று எனக்குள் ஒரு பெருமை. பேணுதலான மனிதன் என்று நானே எனக்கு முதுகில் தட்டிக்கொண்டேன்.

படத்தை வெட்டுகிறபோது என் மென்பொருள் அதை உண்மையில் வெட்டவில்லை. படம் முழுசாகவே இருக்கும். அதன் மேல் ஒரு சட்டம் மட்டும் வைக்கப்படும். சட்டத்துக்கு உள்ளே இருப்பது தெரியும், வெளியே இருப்பது தெரியாது. பெரிய மென்பொருள்களும் இப்படித்தான் செய்கின்றன, அதில் குற்றமில்லை. பிறகு மனம் மாறினால் சட்டத்தை இழுத்து அகலமாக்கலாம், போன பகுதி திரும்ப வரும். ‘கடைக்கு அனுப்பு’ அமத்தினாலும் முழுப்படமும் சட்டமும் சேர்ந்தே போகும்படி வைத்தேன். அச்சகக்காரருக்கு ஓரத்தில் கொஞ்சம் இடம் தேவைப்பட்டால் அவரே இழுத்துக்கொள்ளலாம், தங்கச்சியைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் கரைச்சல் கொடுக்கமாட்டார் என்று நினைத்தேன். இரண்டு பேருக்கும் உதவி செய்கிறேன் என்பது என் எண்ணம்.

முதலில் அந்தப் பொத்தானுக்கு ‘மறை’ என்றுதான் பெயர் வைத்தேன். நடப்பது அதுதானே. தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு ஒரு நிமிசம் யோசித்தாள்.

“மறைச்சா அது எங்க காக்கா போகும்?”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அது எங்கேயும் போகாது, பின்னால் அப்படியே இருக்கும், கடைக்கும் போகும் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் கேட்டது அதைத்தான். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. பொத்தானைப் பார்த்துப் பாவிக்கிறவர் கேள்வி கேட்டால், பொத்தானில் எழுதியது சரியில்லை என்று அர்த்தம். கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை, கேள்வியே வராதபடி சொல்லை மாற்றிவிட வேண்டும். “நீ இதுக்கு என்ன செல்லுவா?” என்று கேட்டேன். “வெட்டுறது எண்டுதான்” என்றாள். ‘மறை’யை எடுத்துவிட்டு ‘வெட்டு’ என்று எழுதினேன். அதற்குப் பிறகு அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சுத்தமான வேலை என்று அன்று வீட்டுக்குத் திரும்பும்போது நினைத்துக்கொண்டேன்.

இரண்டு கலியாண சீசன் அவள் அதில் வேலை செய்தாள். வேலை பாதி நேரத்தில் முடிந்தது. “காக்கா செஞ்சி தந்த” என்று வருகிறவர்கள் எல்லாரிடமும் சொன்னாள். அவளுடைய அறையில் ஒரு கதிரையும் மேசையும் கூடின. எனக்கு அவள் ஒரு சேட்டு வாங்கித் தந்தாள். நான் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

பிறகுதான் அந்தக் கலியாணம் வந்தது. வெளி அல்பத்தின் ஒரு பக்கத்தில் மணமகளின் காலும் அதில் கொலுசு மாட்டுகிற ஒரு கையும் மட்டும் இருக்க வேண்டும். தங்கச்சி அப்படித்தான் வெட்டி அனுப்பினாள். கை மணமகளின் ராத்தாவுடையது, கூடப் பிறந்த மூத்தவ. அவ தலை முழுகிவிட்டு ஈரத்தலையை விரித்துப்போட்டபடி, வீட்டு உடுப்போடு குனிந்து கொலுசு மாட்டிக்கொண்டிருந்தா. அச்சகத்தில் பக்கத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும்போல் இருந்திருக்கிறது. வேலை செய்தவர் சட்டத்தைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்தார். ராத்தா முழுசாக வெளியே வந்தா.

அல்பம் தங்கச்சி பிரித்துப் பார்க்காமலே அச்சகத்திலிருந்து பெட்டியோடு நேரே மாப்பிள்ளையின் உம்மா வீட்டுக்குப் போனது. அன்று அங்கே மாப்பிள்ளையின் காக்காமார், தம்பிமார், மச்சான்மார் எல்லாரும் கூடியிருந்தார்கள். அல்பம் கை மாறிக் கை மாறிப் போயிருக்கிறது. அந்தப் பக்கம் வந்தபோது யாரோ ஒருவர் சட்டென்று புரட்டிவிட்டாராம். புரட்டின வேகத்தில்தான் மற்றவர்களும் கவனித்திருக்கிறார்கள். கதை அன்று மஃரிபுத் தொழுகைக்கு முன்னமே மணமகள் வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த ராத்தா பிறகு மாப்பிள்ளை வீட்டு விருந்துக்குப் போகவில்லை. சம்பந்தி வீட்டு ஆண்கள் வருகிற நாட்களில் அறையைவிட்டு வெளியே வருவதும் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

தங்கச்சி எனக்கு டெலிபோன் எடுத்தாள். “நான்தான் எங்கயோ பிழையா அமத்திட்டன் காக்கா. வெட்டின ஞாபகம் நல்லா இரிக்கி. ஆனா எப்பிடியோ பிழைச்சிட்டு.” மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அவள் அனுப்பிய கோப்பைத் திறந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அவள் சரியாகத்தான் அமத்தியிருந்தாள். திரையைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, “நீ ஒண்டும் பிழையா செய்யல்ல. இது என்ட பிழை” என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எனக்காகச் செல்லாதீங்க காக்கா” என்றாள்.

அன்று தொடங்கியதுதான் இந்தக் கூத்து. உம்மாவிடம் போய் விளக்கினேன். “நீ ஒண்டும் செல்லாத மகன். அவள்ற கை அவசரம் எனக்குத் தெரியும்” என்றா உம்மா. மனைவி, “நீங்க உங்கட தங்கச்சிய விட்டுக்குடுக்க மாட்டீங்க, அது எனக்கு எப்பவோ தெரியுமே” என்றாள். அதில் கொஞ்சம் குத்தலும் இருந்தது. பள்ளிக்கு வெளியே மணமகளின் வாப்பாவிடம் சட்டம், முழுப்படம், உள்பக்கம் என்று வேர்க்க வேர்க்க விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். தோளில் கையை வைத்தார்.

“தம்பி, பொத்தான்ல வெட்டு எண்டு எழுதி இரிக்கி எண்டு நீங்களே செல்றீங்க. அமத்தினா வெட்டணும். வெட்டுப்படல்லண்டா அது அமத்தின ஆள்ற பிழை. உங்கட நல்ல மனசுக்கு அல்லாஹ் கூலி தருவான்.”

அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தேன். எல்லாரும் விளங்கிக்கொள்கிற சொல்லாக, ஒருவரும் சந்தேகப்பட முடியாத சொல்லாக எழுதியிருந்தேன். உள்ளே நடப்பதை எவர் கண்ணிலும் படாமல் மூடியிருந்தேன். இப்போது நானே அதைத் திறந்து காட்ட நின்றால், பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது ஒரு பொத்தானும், அதை அமத்திய என் தங்கச்சியும்தான்.

பாண்டிருப்பு அச்சகத்துக்குப் போனேன். முதலாளி இந்து, நல்ல மனிதர், எனக்கு நெடுநாள் பழக்கம். நடந்ததைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ தம்பி, நான்தான் இழுத்து உட்டன். தலையில துணி இருக்கா இல்லையா எண்டெல்லாம் நான் பாக்கல்ல. எங்கட வீட்டில அது கண்ணில படுற விசயமே இல்லத்தானே. படம் வடிவா இருந்திச்சு, உட்டுட்டன்.” அவர் மேல் கோபிக்க என்ன இருக்கிறது? தங்கச்சி அனுப்பியதெல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கணினியில் ஒரு இடத்தைத் திறந்து காட்டினார். இரண்டு வருடத்துக் கலியாணங்களும் வரிசையாக இருந்தன. எல்லாவற்றையும் என் கண் முன்னால் அழித்தார். நான் நன்றி சொல்லிவிட்டு எழும்பும்போது, தன்பாட்டில் சொன்னார்: “பெரிய சைஸ் அல்பமெண்டா இஞ்ச அடிக்கிறல்ல தம்பி, கொழும்புக்கு அனுப்புற. அவங்கட்டக் கிடக்கிறது எனக்குத் தெரியா.”

கொழும்பில் அது ஒரு இடம் இல்லையாம். எந்த இடத்தில் மெஷின் சும்மா இருக்கிறதோ அங்கே போகுமாம். அவர் எனக்காக டெலிபோன் எடுத்துப் பார்த்தார். ஒருவர் அழித்துவிடுகிறேன் என்றார். ஒருவர் அப்படியொன்றும் தன்னிடம் வரவில்லை என்றார். ஒருவர் எடுக்கவே இல்லை. கடற்கரை வீதியால் மெதுவாக வீட்டுக்கு வந்தேன். இதைத் தங்கச்சியிடம் சொல்வதில்லை என்று வழியிலேயே முடிவெடுத்தேன். ஏற்கெனவே உடைந்துபோயிருக்கிறாள், தேவையில்லாததை ஏன் அவளுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். என் புத்தி அந்த நேரத்திலும் எந்த வழியில் ஓடியது என்பதைப் பாருங்கள்.

மென்பொருளைத் திருத்தினேன். இப்போது ‘வெட்டு’ உண்மையாகவே வெட்டும். வெளியே இருந்தது திரும்ப வராது. ‘மறை’ என்று தனியாக ஒரு பொத்தானும் வைத்தேன். அதை அமத்தினால் ‘இது உள்ளே இருக்கும், கடைக்காரர் பார்க்கலாம்’ என்று எழுத்து வரும். அவலட்சணமான நீண்ட வரி. கம்பனியில் இப்படி எழுதியிருந்தால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அதைத் தங்கச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அந்தக் கிழமை ஒரு வேலையும் எடுத்திருக்கவில்லை, ஒருவரும் வேலை கொண்டு வந்ததும் இல்லை. கணினிக்கு மேல் துணி போர்த்தியிருந்தது.

“என்ன மாத்தின?” என்று கேட்டாள். ஆட்டுப் படத்தைத் திறந்து பழைய விதத்தைக் காட்டினேன். காதை மட்டும் விட்டு வெட்டினேன். “இப்ப இத கடைக்காரர் மாதிரி நீ இழு” என்றேன். அவள் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். ஆடு முழுசாக வந்து நின்றது. திரும்பச் சுருக்கினாள். திரும்ப இழுத்தாள். அவளுடைய முகத்தில் முதலில் ஒரு நிம்மதி வந்தது. தான் பிழையாக அமத்தவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்த நிம்மதியைப் பார்க்க எனக்கும் மூச்சு வந்தது. அது நெடுநேரம் நிற்கவில்லை.

“அப்ப முந்தி அனுப்பினதெல்லாம்?”

நான் ஆட்டைத் திரும்பச் சட்டத்துக்குள் சுருக்கி வைத்தேன்.

“காக்கா. நான் உங்களுட்டத்தான் கேக்கிறன். அதெல்லாம் இப்பிடித்தான் போனதா?”

“ஓம்” என்றேன். பாண்டிருப்பில் அழித்ததைச் சொன்னேன். கொழும்பையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டாள், இனி மூட முடியாது. அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்ட வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவள் திட்டவில்லை. ஒவ்வொரு கலியாண வீடாக வாய்க்குள் முணுமுணுத்தாள். இந்த வீட்டுப் பெண் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், அந்த வீட்டில் உம்மா சட்டை மாற்றிக்கொண்டு பின்னால் நின்றா, கதவு திறந்திருந்தது. நான் பார்க்கவே கூடாத படங்களை அவள் எனக்கு வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதுகூட அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. நான் எழும்பி வெளியே போய் நின்றேன்.

மறுநாள் அவள் அபாயாவோடு வாசலில் நின்றாள். “என்னை ஏத்திட்டுப் போங்க. ஒவ்வொரு வீடா செல்லணும். அமானிதமா நம்பித் தந்த படங்கள்.” வேண்டாம் என்று தடுத்தேன். ஒருவருக்கும் இது தெரியாது, யார் பார்த்தார்கள் என்பதும் நிச்சயமில்லை, சொன்னால் இருக்கிற கொஞ்சப் பெயரும் போய்விடும், இனி ஒருவரும் படம் தரமாட்டார்கள் என்றேன். “தெரியாட்டி அமானிதம் இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். போகும் வழியெல்லாம், வீடுகளில் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பாடமாக்கினேன். மென்பொருளைச் செய்தது நான், பிழை அதற்குள் இருந்தது, நீ சரியாகத்தான் செய்தாய், இதை இந்த ஒழுங்கில் சொல் என்றேன். அவள் பின்னால் இருந்தபடி “ம்” என்றாள்.

முதல் வீடு சாய்ந்தமருதில். போன வருடம் கலியாணம் முடித்த பெண், இப்போது கையில் பிள்ளை. தங்கச்சி திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு முன் விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அந்தப் பெண்ணின் வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வயலில் வேளாண்மை வெட்டுக்கு இந்த முறை மெஷின் கிடைப்பது கஷ்டம் என்று கதைத்தார். திரைச்சீலைக்கு உள்ளே தாழ்ந்த குரலில் தங்கச்சி பேசுவது கேட்டது. வழியில் நான் பாடமாக்கிக் கொடுத்த சொற்கள் வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

“என்ட பிழைதான் மாமி” என்று அந்தப் பெண்ணின் உம்மாவிடம் சொன்னாள். “வெட்டிட்டன் எண்டு நெனச்சன். வெட்டுப்படல்ல.”

உள்ளே பிள்ளை சிணுங்கியது. பிறகு அந்தப் பெண்ணின் குரல்.

“எந்தப் படம் ராத்தா?”

தங்கச்சி சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

“யாரெல்லாம் பாத்த?”

“தெரியா.”

பக்கத்தில் இருந்தவருக்கும் இவ்வளவும் கேட்டிருந்தது. வேளாண்மைக் கதையை நிறுத்திவிட்டார். நான் அவர் பக்கம் திரும்பி, “அது என்ட பிழை. தங்கச்சியில ஒரு பிழையும் இல்ல” என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. அவர் நிலத்தைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். முகம் கறுத்திருந்தது. ஆனாலும் குரலில் மரியாதை குறையவில்லை.

“நீங்க அப்பிடித்தான் செல்லுவீங்கண்டு கேள்விப்பட்டன் தம்பி. எங்கட கண்ணில இனி உங்கட தங்கச்சி படாம இருந்தாப் போதும். உங்கள்ல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல.”

உள்ளேயிருந்து யாரோ திரைச்சீலைக்குக் கீழால் ஒரு தட்டை நீட்டினார்கள். அதில் ஒரேயொரு கோப்பை இருந்தது. அவர் அதை எடுத்து என் கையில் தந்தார். “தேத்தண்ணியக் குடிங்க, ஆறிரும்” என்றார். உள்ளே என் தங்கச்சியிடம் தேத்தண்ணி வேணுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் குடித்து முடித்தேன்.